முதலில் பெட்டி, பிறகு மெஷின்

ஊவா மாகாணத்துக்குள் முதல் கொம்பியூட்டரைத் தலையில் சுமந்துகொண்டு வந்தவள் நான்தான். கொட்டுகிற மழையில், ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல், பதுளை ஸ்டேஷனில் இருந்து மேடேறி வந்தேன். சரி, கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். நான் சுமந்தது அது வந்த அட்டைப்பெட்டியை மட்டும். அதுவும் காலியான பிறகு, எங்கள் வீட்டுப் பூனை குட்டி போடுவதற்காக. மழை பெய்ததும் உண்மையில்லை. அது மாகாணத்தின் முதல் கொம்பியூட்டரா, மூன்றாவதா என்றும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த யந்திரத்தின் குணத்தை முதலில் பிடித்தது யார் என்று கேட்டால், அதில் ஒரு சொல்லும் கூட்டாமல் சொல்வேன்: மரியகொரட்டி.

1987ஆம் ஆண்டு. ஸ்டேஷன் ரோட்டில் ஒரு மாடி வீட்டின் கீழ்த்தட்டில் தோட்ட சுகாதார சங்கம் ஒன்றின் அலுவலகம் நடந்துகொண்டிருந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஊசி போடுவது, கர்ப்பிணிகளின் பெயர் எடுப்பது போன்ற வேலைகள். பொறுப்பாளர் அலவி சேர், நல்ல மனிதர், அவசரக்காரர். யந்திரத்தோடு மூன்று இங்கிலீஷ் புத்தகங்கள் வந்திருந்தன. ஒவ்வொன்றும் தலையணைக் கனம். அவற்றைப் படித்துத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும் என்று, இங்கிலீஷ் டீச்சர் வேலையில் இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்த என்னைக் கூப்பிட்டார். டைப் அடிக்க இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி என் தம்பி மகள் ஸைனப். மற்றவள் மரியகொரட்டி.

கொரட்டிக்கு அப்போது இருபத்துமூன்று வயது. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். தகப்பன் இல்லை. தாய் றோசாலி கொழுந்து எடுத்து, கன்னியாஸ்திரிகளின் விடுதியில் விட்டு, பத்தாம் வகுப்புவரை படிக்கவைத்தாள். கடைவீதியில் ஒரு டைப்ரைட்டிங் வகுப்புக்கு ஒன்றரை வருடம் போனாள். பஸ் வராத நாட்களில் நடந்தே வந்திருக்கிறாள். ஒல்லியான பெண், அளந்துதான் பேசுவாள். ஆனால் ஒரு பொருள் ஏன் வேலை செய்கிறது என்று தெரியாமல் அதைத் தொடமாட்டாள். தையல் மெஷினை முதலில் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் தைக்கப் பழகினாளாம்.

அந்தக் கொம்பியூட்டருக்கு வாய் இரண்டு இருந்தது, வயிறு இல்லை. மெல்லிய சதுரமான பிளொப்பிகளைச் செருக இரண்டு துவாரங்கள். ஒன்றுக்கு ஏ என்று பெயர், மற்றதற்கு பி. எழுதியதைச் சேர்த்துவைக்கிற இடம் வெளியே இருந்தது. சாம்பல் நிற இரும்புப் பெட்டி. பெருவிரல் தடிப்பில் ஒரு வயரால் யந்திரத்தின் முதுகோடு கட்டப்பட்டிருக்கும். அதற்குப் பெயர் சி. இதையெல்லாம் பூட்டிக் கொடுக்கக் கொழும்பில் இருந்து மர்ஸூக் என்ற பொறியியலாளர் வந்தார். கழுத்தில் டை, கையில் சூட்கேஸ். இரண்டு நாள் நின்றார். ரயில் ஏறுவதற்கு முன்னர் ஒரே ஒரு புத்தி சொன்னார்.

"முதல்ல வெளிப்பெட்டியப் போடுங்க. அது சுத்தி வேகம் பிடிக்க ஒரு நிமிஷம் எடுக்கும். அதுக்குப் பொறகு மெஷினப் போடுங்க. மாத்திப் போட்டா, பெட்டி பக்கத்துல இருக்கிறதே மெஷினுக்குத் தெரியாது."

அவர் போனார். அடுத்த வாரமே பெட்டி காணாமல்போகத் தொடங்கியது. மேசையில் அது இருக்கிறது, விளக்கு எரிகிறது, உள்ளே உறுமுகிறது. ஆனால் மெஷினிடம் சியில் இருப்பதைக் காட்டச் சொன்னால், அங்கே ஒன்றுமே இல்லை என்கிறது. ஒரு நாள் இருக்கும், மறுநாள் இராது. அலவி சேர் ரேடியோவுக்குச் செய்கிற வைத்தியத்தைச் செய்தார்: பக்கவாட்டில் இரண்டு தட்டு, பிறகு ஒருமுறை அணைத்துப் போடுவது. நான் தலையணைப் புத்தகத்தில் நூற்றுப் பதினேழாம் பக்கத்தைப் படித்து, "கண் விழிக்கும் வேளையில் ஆயத்தமாக உள்ள உபகரணங்களுக்கு வரிசைக்கிரமமாக எழுத்துகள் வழங்கப்படும்" என்று அழகாக மொழிபெயர்த்தேன். எனக்கே விளங்கவில்லை.

கொரட்டி ஒரு நாள் முழுவதும் பெட்டியையும் மெஷினையும் அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் கொப்பியில் எழுதினாள். மாலையில் வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"டீச்சர், இது பெரட்டுங்க."

"என்ன பெரட்டு?"

"தோட்டத்துல காலையில பெரட்டுக் களத்துல பேர் கூப்பிடுவாங்கல்ல, அதுதான். இந்த மெஷின் கண்ணு முழிச்சதும் ஒரே ஒரு தரம் பேர் கூப்பிடுது. அந்த நேரம் யாரு களத்துல நிக்கிறாங்களோ அவங்களுக்கு, கொழுந்து எடுக்க நெர பிரிச்சுக் குடுக்கிற மாதிரி, வரிசையா எழுத்துக் குடுக்குது. ஒனக்கு ஏ, ஒனக்கு பி, ஒனக்கு சி. பெட்டி பிந்தி ஓடியாந்தா பேர் கெடயாது. அன்னைக்கு முழுக்க அது ஓரமா நிக்க வேண்டியதுதான்."

"வராதவளுடைய நிரை?"

"அடுத்தவளுக்குப் போயிரும் டீச்சர். நெரய யாரும் சும்மா விடமாட்டாங்க."

இந்தக் கடைசி வாக்கியம்தான் எல்லாவற்றையும் விட முக்கியமானது. நான் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு விட்டுவிட்டேன். அந்த அடுத்தவள் யார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மர்ஸூக் போவதற்கு முன்னர், வேகத்துக்காக என்று, மெஷினின் சொந்த ஞாபகத்தில் ஒரு துண்டை வெட்டி அதையும் ஒரு டிஸ்க் போல ஆக்கி வைத்திருந்தார். வரிசையில் பெட்டிக்கு அடுத்து நிற்பது அது. வழக்கமாக அதற்கு டி என்று பெயர் விழும். கணக்குப் பார்க்கவும் வரிசைப்படுத்தவும் நல்லது. ஆனால் மின்சாரம் போனால் அதில் உள்ளதும் போய்விடும்.

"அது கரும்பலகைங்க டீச்சர்," என்றாள் கொரட்டி. "பெட்டிதான் கொப்பி. கரும்பலகையில கூட்டிக் கழிக்கலாம். எழுதி வைக்கிறது கொப்பியில."

இப்படி விளங்கப்படுத்துகிற ஒருத்தி வகுப்பில் இருந்திருந்தால் நான் ஓய்வே பெற்றிருக்கமாட்டேன்.

பெட்டி வேகம் பிடிக்கும் அந்த ஒரு நிமிடத்தை எப்படி அளப்பது? அலுவலகக் கடிகாரத்தில் நொடிமுள் உடைந்திருந்தது. கொரட்டி செபத்தால் அளந்தாள். ஒரு பரலோக மந்திரம், மூன்று அருள் நிறைந்த மந்திரம். அவள் வாய் அசையும், பெட்டியின் உறுமல் மெல்ல மெல்லச் சுருதி ஏறும், ஆமென் வரும்போது விரல் மெஷினின் விசையில் இருக்கும். அவள் போட்ட ஒரு நாளும் பெட்டி பிறகு காணாமல்போகவில்லை. மற்றவர்களுக்காக ஒரு கடதாசியில் எழுதிச் சுவரில் ஒட்டினாள்: "முதலில் பெட்டி. ஒரு செபம். பிறகு மெஷின்."

அந்த வருடம் ஒக்டோபரில் ஸ்பிரிங்வெளியில் இரண்டு நாள் கண் முகாம் நடந்தது. கொழும்பில் இருந்து வைத்தியர்கள் வந்தார்கள். சுற்றியுள்ள தோட்டங்களில் இருந்து இருநூற்றுப் பதினான்கு பேர். அநேகமாகக் கொழுந்து எடுக்கும் பெண்கள். ஒவ்வொருவருடைய இரண்டு கண்ணையும் அளந்து, அந்த அளவுக்கு மூக்குக் கண்ணாடி செய்து தருவது திட்டம். கண்ணாடி வெட்டுகிற பட்டறை கொழும்பில். பெயரும் அளவும் கொண்ட பட்டியல் முகாம் முடிந்த மறுநாள் காலை பத்து மணிக்குப் பட்டறையில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் எங்கள் முறை வேறொரு மாவட்டத்துக்குப் போகும். மறுபடி முறை வர எட்டு மாதம்.

எட்டு மாதம் றோசாலியால் தாக்குப்பிடிக்க முடியாது. அவளுக்குக் கிட்ட உள்ளது மங்கலாகிப்போயிருந்தது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளவேண்டிய இடத்தில் விரல் தடவித் தடவி முத்தின இலையையும் சேர்த்துக் கிள்ளியது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கங்காணி கூடையைக் கிளறிப் பார்த்து இரண்டு தடவை திருப்பிவிட்டார். மூன்றாம் தடவை திருப்பினால் கொழுந்து மலையில் இருந்து நிறுத்தி, ரோட்டுக் கூட்டுகிற வேலைக்கு அனுப்பப்போவதாகச் சொல்லியிருந்தார். முப்பத்தொரு வருடம் முன் நிரையில் நின்ற மனுஷி. "ரோட்டுக் கூட்டுறதுக்குப் பதிலா நான் செத்தே போயிருவேன்," என்று மகளிடம் சொல்லியிருக்கிறாள். கொரட்டி அந்த முகாமுக்காக ஒரு மாதம் ஆலாய்ப் பறந்ததற்குக் காரணம் அதுதான்.

முகாமின் இரண்டாம் நாள் கொரட்டி தாயை அழைத்துக்கொண்டு தோட்டத்தில் நின்றாள். அலுவலகத்தில் ஸைனப்பும் நானும். வான் சாரதி சிங்கராயர், முதல் நாள் சீட்டுகளையும் சேர்த்து, நாற்பது நாற்பதாகக் கொண்டுவருவார். நான் வாசிப்பேன், ஸைனப் அடிப்பாள். அடித்து முடிந்த சீட்டுகளை அவர் திரும்பக் கொண்டுபோய் ஆட்களிடமே கொடுத்துவிடுவார். கண்ணாடி வரும்போது அந்தச் சீட்டைக் காட்டித்தான் வாங்கவேண்டும்.

"மாமி, இன்னைக்கி மெஷின் என்னா வேகம் ஈக்கி பாத்தியளா?" என்றாள் ஸைனப் பத்து மணிபோல.

உண்மைதான். வழக்கமாக ஒவ்வொரு பக்கத்தையும் சேர்த்துவைக்கச் சொன்னால், பெட்டி கோழி தானியம் கொத்துகிற மாதிரி டிக் டிக் என்று சத்தம் போடும், நாங்கள் காத்திருப்போம். அன்று விசையைத் தட்டினால் முடிந்தது. குதிரைமாதிரி ஓடியது. எங்கள் கைராசி என்று இருவரும் ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டோம். மதியம் நான், "சூடாகியிருக்கும், கொஞ்ச நேரம் அணைத்து வையேன்," என்றேன். ஸைனப்புக்குச் சோம்பல். "வாணாம் மாமி, பொறகு மறுபடி முதல்ல இருந்து போடணும்," என்றாள். அந்தச் சோம்பலுக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

மூன்றரை மணிக்குக் கடைசி வானில் கொரட்டி தாயோடு வந்து இறங்கினாள். பெயர்கள் எல்லாம் அடித்தாயிற்று. சீட்டுகள் போயாயிற்று. வைத்தியர்களின் ஜீப்பும் போயாயிற்று. றோசாலி மட்டும் தன் சீட்டை மடித்து மடியில் செருகிக்கொண்டு வாசல் வாங்கில் உட்கார்ந்தாள். வானம் நாமுனுகுலை மலைப் பக்கம் கறுத்து, இடி ஒன்று உருண்டது.

"என் கண்ணு இப்ப அந்தப் பொட்டிக்குள்ளயா இருக்கு?" என்று கேட்டாள் றோசாலி.

"ஓம் உம்மா, உங்கட கண்ணு பத்திரமா ஈக்கி," என்றாள் ஸைனப். "கொரட்டி, நீ இல்லாம நாங்க கலக்கிட்டோம் தெரியுமா. இருநூத்திப் பதினாலு பேர். மெஷின் இப்பிடி ஓடி நான் கண்டதே இல்ல. ஒரு சத்தம் இல்ல."

கொரட்டி குடையை மடித்துக்கொண்டிருந்தவள், கையை நிறுத்தினாள்.

"சத்தம் இல்லியா?"

"ஒரு டிக் இல்ல."

குடை கீழே விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தாள். உறுமல் இருந்தது. ஸைனப்பை எழுப்பாமல் அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, ஒரு பக்கத்தைச் சேர்த்துவைக்கச் சொன்னாள். பெட்டியின் சிவப்பு விளக்கு மினுங்கவில்லை.

"காலையில நீதான் போட்டியா?"

"நான்தான். சொவத்துல எழுதினமாதிரியே செஞ்சேன். முதல்ல பெட்டியப் போட்டேன். ஓதினேன். மெஷினப் போட்டேன்."

"என்னா ஓதினே?"

"பிஸ்மில்லாஹ்."

கொரட்டி கண்ணை மூடினாள். ஒரு பரலோக மந்திரமும் மூன்று அருள் நிறைந்த மந்திரமும் எங்கே, பிஸ்மில்லாஹ் எங்கே. ஸைனப் எதைத் தொடங்கினாலும் அந்த ஒரு சொல்லோடு தொடங்குகிற பிள்ளை. கடதாசியில் செபம் என்றுதான் இருந்தது, எவ்வளவு நீளம் என்று இல்லை. பிழை என்று யாரைச் சொல்வது? சொல்லி முடிக்க இரண்டு நொடி. பெட்டி சோம்பல் முறித்துக்கொண்டிருக்கும்போதே மெஷின் பெரட்டு எடுத்து முடித்துவிட்டது.

"அப்படின்னா சி எங்கே?" என்றேன். "சி என்று சொல்லித்தானே நாள் முழுக்கச் சேர்த்துவைத்தோம்? மெஷின் ஒன்றும் சொல்லவில்லையே?"

"சி இருக்கு டீச்சர். நெரய அடுத்தவளுக்குக் குடுத்திருச்சு." அவள் குரல் சின்னதாகிவிட்டது. "கரும்பலகைதான் இன்னைக்கு சி. இருநூத்திப் பதினாலு பேரும் கரும்பலகையில இருக்காங்க."

அந்த நேரம் பார்த்து மின்விளக்கு ஒருமுறை மங்கி மறுபடி எரிந்தது. எங்கள் எல்லோருடைய உயிரும் அதோடு போய் வந்தது.

அலவி சேர் உள் அறையில் இருந்து வந்தார். "என்ன, பெட்டி வேல செய்யலயா? இதுக்கா இப்பிடி நிக்கிறீங்க. அணைச்சுப் போட்டாச் சரி." கை விசைக்குப் போயிற்று.

அடுத்த கணம் நான் பார்த்த காட்சியை ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறேன். தோட்டத்தில் பிறந்த, துரைமாரைக் கண்டால் ரோட்டை விட்டு இறங்கி நிற்கப் பழக்கப்பட்ட அந்தப் பெண், பாய்ந்து அலவி சேரின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தாள். அவருடைய கைக்கடிகாரத்தின் பட்டி அறுந்து மேசையில் விழுந்தது.

"கைய எடுங்க சேர். அணைச்சா எல்லாம் போயிரும்."

அலவி சேர் திகைத்துப்போனார். "என்னம்மா இது," என்றார் மெதுவாக.

"மன்னிச்சுக்கங்க சேர். பொறவு ஏசுங்க."

"சரி, சரி. பொறகு ஏசுறேன்," என்று அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு மெஷின் பக்கமே வரவில்லை. வாசலில் போய் நின்று, வானத்தைப் பார்த்து, மின்னலை எண்ணத் தொடங்கினார்.

வாங்கில் இருந்து றோசாலி எழுந்தாள். "ஏண்டி, என் சீட்டு எங்கிட்டத்தானே இருக்கு. அதப் பார்த்து வேற எதுலயாவது அடிச்சிரு."

"ஒன்னோடத மட்டும் வச்சு என்னாம்மா செய்யிறது? முழுப் பட்டியல் போனாத்தான் முறை. நீ ஒக்காரு."

கரும்பலகையில் இருப்பதை, மின்சாரம் போவதற்கு முன்னர், ஒரு பிளொப்பியில் இறக்கவேண்டும். செய்யவேண்டியது அவ்வளவுதான். வெறும் பிளொப்பி? இருந்த ஐந்தையும் காலையில்தான் வைத்தியர்கள் கேட்டு வாங்கிப் போயிருந்தார்கள். ஸைனப் மேசை இழுப்பறைகளை எல்லாம் தரையில் கவிழ்த்தாள். முத்திரை, ஊசி, பாதி பிஸ்கட். அடியில் ஒரே ஒரு பிளொப்பி. மெஷினைக் கண் விழிக்கவைக்கும் பிளொப்பிக்கு மர்ஸூக் எடுத்து வைத்த மாற்றுப் பிரதி. அதன் நெற்றியில் சிவப்பு மையில், தடித்த எழுத்தில், "தொடாதே. மர்ஸூக்" என்று இருந்தது.

கொரட்டி அதை ஒரு நொடி பார்த்தாள். தொட்டாள்.

முதலில் டைப் அடித்துக்கொண்டிருந்த வேலையில் இருந்து ஒழுங்காக வெளியே வந்தாள். அவசரத்தில் பிடுங்கினால் கடைசிப் பெயர்கள் தொங்கிப்போகும் என்று அவளுக்குத் தெரியும். பி வாயில் இருந்த, டைப் அடிக்கவைக்கும் பிளொப்பியை வெளியே எடுத்து, தொடாதேயை உள்ளே செருகினாள். இறக்கச் சொன்னாள். மெஷின் மறுத்தது: இதில் எழுத முடியாது. வெளியே எடுத்தாள். பிளொப்பியின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கும், அதை மூடி வெள்ளி நிறப் பட்டி ஒட்டினால் யாரும் அதில் எழுத முடியாது. மர்ஸூக் ஒட்டியிருந்தார், அதுவும் இரண்டு பட்டி. கொரட்டி நகத்தால் உரித்தாள். ஒன்று வந்தது. மற்றது வரவில்லை. இடி ஒன்று மாடிக் கண்ணாடிகளை நடுக்கியது. விளக்கு மங்கியது, வந்தது.

"பல்லால கடி," என்றாள் ஸைனப்.

கடித்தாள். உரிந்தது. மறுபடி செருகினாள். இப்போது இடம் போதாது என்றது. "அழின்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க டீச்சர்," என்றாள் கொரட்டி. "அழி," என்றேன் நான். மர்ஸூக்கின் பிரதி அழிந்தது. மறுபடி இறக்கச் சொன்னாள். பி வாயின் விளக்கு சிவந்தது. கர் கர் என்று அரைத்தது. அந்தச் சத்தம் இருக்கிறதே, என் பிள்ளைகளின் முதல் அழுகையைக்கூட நான் அவ்வளவு காது கொடுத்துக் கேட்கவில்லை. "பன்னிரண்டு," என்று வாசலில் இருந்து அலவி சேர் மின்னலை எண்ணினார். "பதிமூணு." கர் கர். "பதினாலு."

ஒரு கோப்பு நகலானது என்று மெஷின் எழுதிற்று.

ஸைனப் கத்த வாயைத் திறந்தாள். கொரட்டி அவள் வாயைப் பொத்தினாள். நம்பவில்லை. பிளொப்பியில் இருப்பதை எழுதிக் காட்டச் சொல்லி, கரும்பலகையில் உள்ளதன் அளவையும் இதன் அளவையும் ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டாள். சரியாக இருந்தது. பிளொப்பியை உருவி எடுத்து, நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அவள் மூன்றடி பின்னால் போனபோது பதுளை நகரம் முழுக்க இருண்டது. மெஷினின் பச்சை எழுத்துகள் ஒரு புள்ளியாகச் சுருங்கி மறைந்தன. பெட்டியின் உறுமல் இறங்கி இறங்கி நின்றது.

இருட்டில் றோசாலி கேட்டாள், "போயிருச்சாடி?"

"இல்லம்மா. கையில இருக்கு."

ஆனால் மின்சாரம் இல்லாமல் அச்செடுப்பது எப்படி? இந்த ஊரில் இடியோடு போன மின்சாரம் மறுநாளைக்கு முன்னர் வருவதாக உறுதி இல்லை. அலவி சேர்தான் யோசனை சொன்னார். டெலிபோன் உயிரோடு இருந்தது. மர்ஸூக்கைப் பிடித்தார். பிளொப்பியைக் கொழும்புக்கு அனுப்பினால் அங்கே அச்செடுத்துப் பட்டறைக்குக் கொடுக்க முடியுமா? முடியும். எந்தப் பிளொப்பி? "அது ஏதோ ஒண்ணு," என்று சொல்லி டெலிபோனை வைத்துவிட்டார். அவசரக்காரர் என்றாலும் விவரம் தெரிந்த மனிதர்.

ஆறு மணிக்குக் கொழும்பு மெயில். ஐந்தே முக்காலுக்கு நாங்கள் எல்லோரும் சிங்கராயருடைய வானில், கொட்டும் மழையில், ஸ்டேஷனுக்குப் போனோம். இந்த மழை உண்மையான மழை. பிளொப்பியை இரண்டு கொப்பி மட்டைகளுக்கு நடுவே வைத்து, பொலித்தீன் பையில் சுற்றி, கொரட்டி தாவணிக்குள் வைத்திருந்தாள். ரயில் கார்டிடம் கொடுத்துவிடலாம் என்றார் அலவி சேர்.

"கார்ட் ஐயா அத ரேடியோ பக்கத்துல வச்சா? காந்தம் பட்டா அழிஞ்சிரும் சேர். மடிச்சிட்டா?"

"அப்ப யார்ட்ட குடுக்கிறது?"

"நானே கொண்டுபோறேன்."

நானுஓயாவுக்கு அப்பால் போனதே இல்லாத பெண். மாற்றுத் துணி இல்லை. காலில் தேய்ந்த செருப்பு. றோசாலி மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "போயிட்டு வா," என்றாள். "யாரு என்ன குடுத்தாலும் திங்காத." ஸைனப் தன் முந்தானைச் சால்வையை எடுத்து அவள் கழுத்தில் சுற்றினாள். மூன்றரை மணியில் இருந்து ஸைனப் அழுகையை அடக்கிக்கொண்டுதான் இருந்தாள். கொரட்டி ஏறிய பிறகு ஜன்னலடியில் நின்று, "நான்தான் கெடுத்தேன்," என்றாள்.

"நீ எழுதினபடிதானே செஞ்சே," என்றாள் கொரட்டி. "எழுதினது நான். செபம்னு எழுதினேன், எந்தச் செபம்னு எழுதல. வந்து மாத்தி எழுதுறேன்."

மறுநாள் காலை கோட்டை ஸ்டேஷனில் மர்ஸூக் காத்திருந்தார். அவ்வளவு கூட்டத்தில் ஆளை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று பிறகு கேட்டேன். கழுத்தில் டை போட்டுக்கொண்டு நெஞ்சைப் பிடித்தபடி நின்றவர் அவர் ஒருத்தர்தான் என்றாள். கொரட்டி தாவணிக்குள் இருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக் கொடுத்தாள். அவர் தன் சொந்தக் கையெழுத்தைத் தானே வாசித்தார். வாசித்துவிட்டு அவளைப் பார்த்தார். "தொட்டுட்டேங்க," என்றாள் அவள். அவர் வாய்விட்டுச் சிரித்தாராம். ஒன்பதரைக்கு அச்செடுத்து, ஒன்பதே முக்காலுக்குப் பட்டறையில் பட்டியல் கொடுத்தாயிற்று.

மர்ஸூக் அங்கேயே அவளுக்கு ஒரு வேலை தருவதாகச் சொன்னார். அவள் பகல் சோறு சாப்பிட்டாள், புதிதாக இருபது பிளொப்பி கேட்டு வாங்கினாள், மாலை ரயிலில் ஏறினாள். அடுத்த நாள் சுவரில் புதிய கடதாசி: "முதலில் பெட்டி. அறுபதுவரை எண்ணு. பிறகு மெஷின். சி யார் என்று மெஷினிடம் கேள். சொன்ன பிறகு எழுது." இந்தக் கடைசி இரண்டு வரியும் அவளுடைய கண்டுபிடிப்பு. ஒவ்வொரு நாளும் காலையில் மெஷினையே பெயர் சொல்லவைப்பாள். பெட்டிக்குள் அவள் ஒரு பெயர்ப்பலகை எழுதிவைத்திருந்தாள். அது திரையில் தெரியாவிட்டால் ஒரு எழுத்தும் அடிக்கமாட்டாள். அந்த அலுவலகத்தில் இருபத்துநான்கு வருடம் வேலை செய்தாள். மெஷின்கள் எட்டு மாறின, பெட்டிகள் சிறுத்துச் சிறுத்துச் சட்டைப்பைக்குள் போகிற அளவுக்கு வந்தன. அவளிடம் வேலை பழகிய பிள்ளைகள் ஊவா முழுக்க இருக்கிறார்கள். எந்தப் பெட்டியைச் செருகினாலும் அவர்கள் முதலில் அதன் பெயரைக் கேட்பார்கள். அலவி சேர் கடைசிவரை அவளை ஏசவில்லை. கைக்கடிகாரத்துக்குப் புதுப் பட்டி போட்டுக்கொண்டார்.

கண்ணாடிகள் டிசம்பர் முதல் வாரம் வந்தன. இருநூற்றுப் பதினான்கும். இங்கேதான் நான் உங்களுக்குச் சொல்லவேண்டிய அதிசயம் இருக்கிறது. றோசாலி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லயத்து வாசலில் வந்து நின்றாள். நேரே பதுளைப் பக்கம் பார்த்தாள். ஸ்டேஷனில் நின்ற ரயிலின் பெட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணி, ஒன்பது என்றாள். அதோடு விடவில்லை, மூன்றாவது பெட்டியின் ஜன்னலில் ஒரு பெண் பலாப்பழம் தின்றுகொண்டிருப்பதாகவும் சொன்னாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கொரட்டி என் எதிரே உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருக்கிறாள். எழுதியதை வாசித்துக் காட்டினேன். கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இல்ல டீச்சர். எங்க லயத்துல இருந்து ஸ்டேஷன் தெரியாது, நடுவுல மல இருக்கு. டிசம்பர்ல பலாப்பழமும் கெடயாது. அம்மா கண்ணாடியப் போட்டுக்கிட்டு அடுத்த நாள் மலைக்குப் போச்சு. சாயந்தரம் வந்து, 'இன்னைக்குக் கங்காணி கூடையக் கிளறிப் பார்த்தாரு, ஒண்ணும் சொல்லல'ன்னுச்சு. அவ்வளவுதான் நடந்துச்சு."